திரும்புதல் யாருக்குத் துயரம்?

சென்ற ஆண்டு எமது சங்கத்தின் மாலைக் கூட்டமொன்றில் இலண்டனிற் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர் ஒருவர் உரையாற்றினார். முதுகிற் சுமக்கும் பையொன்றுடன் பதினொரு மாதங்கள் ஆசியாவெங்கும் அலைந்தவர் அவர். வியட்நாமிலே தொடங்கி, லாவோஸ், தாய்லாந்து, நேபாளம், இந்தியா வழியாக இலங்கை வந்து, பன்விலவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் இரண்டு இரவுகள் தங்கிவிட்டு நேரே எமது மண்டபத்துக்கு வந்திருந்தார். இன்னும் நான்கு நாள்களில் அவர் இலண்டனுக்குத் திரும்ப வேண்டும். அவர் எடுத்துக்கொண்ட பொருள் 'திரும்புதலின் துயரம்'.

அங்கே காத்திருக்கும் வாழ்வை நினைத்தால் நெஞ்சடைக்கிறது என்றார் அவர். நிலத்தடிப் புகையிரதம், மேசை, கணினி, மாத வாடகை, தம் கதையைக் கேட்க நேரமில்லாத நண்பர்கள். மலைகளையும் நதிகளையும் கண்ட கண்களுடன் அந்த வாழ்வுக்குள் எவ்வாறு மீண்டும் நுழைவது என்று கேட்டார். நல்ல தமிழில், தயங்கித் தயங்கி, ஒளிவுமறைவின்றிப் பேசினார். உரையின் முடிவில் திரையிலே ஒரு படம் விழுந்தது. லயத்து வாசலில் ஒரு பெண். தலையில் துணி, கையிலே வெறுமையான கொழுந்துச் சாக்கு, முகம் நிறைந்த சிரிப்பு. "இவர்களிடம் ஒன்றுமே இல்லை, ஆயினும் இவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். எம்மிடம் எல்லாம் இருந்தும் மகிழ்ச்சி இல்லை. நான் கற்றுத் திரும்பும் பாடம் இதுவே" என்று கூறி அமர்ந்தார். மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

அப்படத்திலிருந்த பெண் என் சின்னம்மா.

அவர் றியாத்திலிருந்து திரும்பி அப்பொழுது இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. வீட்டுப் பணிப்பெண்ணாக இரண்டாண்டுகள் இருந்தவருக்குக் கடைசி ஏழு மாதச் சம்பளம் கிடைக்கவில்லை. அன்றிரவு தொலைபேசியில் அவரோடு பேசினேன். படத்தைப் பற்றிச் சொன்னபோது அவருக்கு வெட்கமாயிருந்தது. "வெளியூர்லேருந்து வந்த புள்ள தம்பி அது. அதுகிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்க முடியுமா?" என்றார்.

இக்கட்டுரை அந்த இளைஞருக்கு எதிரானதன்று. அவர் பண்புள்ளவர், எங்கள் லயத்தில் அவர் தம் தட்டைத் தாமே கழுவி வைத்தாரென்று சின்னம்மா இன்றுவரை சொல்வதுண்டு. நான் எதிர்ப்பது ஒரு கருத்தை. நீண்ட பயணம் போவதே ஞானம் என்றும், அதிலிருந்து மீண்டு வெளிநாட்டு வாழ்வுக்குத் திரும்புவது மனித துயரங்களுள் ஒன்றென்றும், அத்துயரைச் சொல்வதே ஒரு வகை இலக்கியமென்றும் ஒரு கோட்பாடு எம்மிடையே மெல்ல மெல்ல உருப்பெற்று வருகிறது. மேலைநாட்டு இளைஞர் சொல்லும்வரை அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. எம் மாணவர் அதை ஏற்றுக் கைதட்டும்பொழுது, கைதட்டியவர்களில் பாதிப்பேருடைய தாய்மாரும் தமக்கைமாரும் எங்கேயிருந்து எவ்வாறு திரும்பினார்கள் என்பதை யாரேனும் ஒருவர் எழுதியாக வேண்டும்.

முதலில் நியாயமாயிருப்போம். திரும்புபவனுக்கு ஒரு வேதனை உண்டென்பது பொய்யன்று. 1945இல், போர் முடிந்து படையினர் வீடு திரும்பும் வேளையில், சமூகவியலாளர் அல்பிரட் சூட்ஸ் அமெரிக்கச் சமூகவியல் சஞ்சிகையில் 'வீடு திரும்புபவன்' பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். விட்டுச்சென்ற வீடு அப்படியே இருக்குமென எதிர்பார்த்து ஒருவன் வருகிறான். வீடும் மாறிவிட்டது, அவனும் மாறிவிட்டான். இருவருக்கும் இடையே பொதுவாயிருந்த காலம் அறுந்துபோயிற்று என்பது அவர் கருத்தின் சாரம். அறுபதுகளில் இதனைப் 'பண்பாட்டு மீளதிர்ச்சி' என ஆய்வாளர் வகைப்படுத்தினர். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் சூட்ஸ் எழுதியது போர்க்களத்திற்கு அனுப்பப்பட்டவர்களைப் பற்றி என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தாமே சீட்டெடுத்துப் போனவர்களுக்காக அவர் கண்ணீர் வடித்ததாக நான் அறியேன்.

கண்டிச்சீமையிலிருந்து இலண்டன் திரும்பிய பழைய ஆள் ஒருவனையும் நாம் அறிவோம். 1660இல் சிறைப்பட்டு, ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி அரசில் இருந்து, 1679இல் தப்பியோடிய றொபேட் நொக்ஸ். அவன் திரும்பியபின் செய்தது என்ன? 1681இல் ஒரு நூலை வெளியிட்டான். நெல் எவ்வாறு விதைக்கப்படுகிறது, அரசிறை எவ்வாறு அறவிடப்படுகிறது, மக்கள் எதை உண்கிறார்கள், எவ்வாறு வழக்குரைக்கிறார்கள் என்பனவெல்லாம் அதில் உள்ளன. பின்னாளில் அடிமை வாணிகத்திலும் ஈடுபட்ட மனிதன் அவன். அவனை நான் புகழவில்லை. ஆயினும் பத்தொன்பது ஆண்டுச் சிறைவாசி தன் மனத்தைவிடத் தான் கண்ட நாட்டைப் பற்றியே மிகுதியாக எழுதினான். பதினொரு மாதப் பயணி தான் கண்ட நாட்டைவிடத் தன் மனத்தைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறார். முந்நூறாண்டுக்கு மேற்பட்ட முன்னேற்றம் இதுதானா என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி, விடயத்துக்கு வருகிறேன். 'திரும்புதல்' என்னும் சொல்லுக்குப் பன்விலப் பக்கத்து மலைகளில் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த இளைஞர் ஏறிவந்த வழியிலேயே அது கிடந்தது.

வத்தேகமையிலிருந்து பன்வில வழியாக ஹுலுகங்கைக்கும் மடுல்கலைக்கும் ஏறும் பாதையில் இருமருங்கும் இன்று தேயிலை. அப்பால் தும்பர மலைத்தொடர். மடித்த கைவிரல் மூட்டுகளைப் போலத் தோன்றியதால் ஆங்கிலேயர் அதற்கு 'நக்கிள்ஸ்' எனப் பெயரிட்டனர். 2010இல் அம்மலைக்காடு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தபின் பயணிகளின் வரவு கூடியது. ஆனால் இச்சரிவுகளில் தேயிலைக்கு முன் கோப்பி இருந்தது. கோப்பிக் காலத்துத் தொழிலாளி, பெரும்பாலும், பருவம் பார்த்து வந்து பருவம் முடியத் திரும்பியவன். இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளிப் பக்கங்களிலிருந்து கங்காணியின் பின்னே புறப்பட்டு, கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து மலையேறினான். கோப்பிப் பழம் பறித்து முடிந்ததும் அவ்வழியே நடந்து ஊர் மீண்டான். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழிநெடுகப் பலர் மாண்டனர். கொடுமையான வழியே, எனினும் அதற்கு இரு முனைகள் இருந்தன. போன கால் திரும்பி வந்தது.

1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலையைத் துருநோய் பற்றியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி ஒழிந்து தேயிலை மலைகளை மூடிற்று. இதனைப் பயிர் மாற்றமென்று பாடநூல்கள் ஒரு பந்தியிற் சொல்லிவிட்டுப் போகின்றன. ஆனால் தேயிலைக்குப் பருவமில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து துளிர்க்கும். ஆண்டு முழுவதும் கை வேண்டும். பெண்ணின் கை வேண்டும். எனவே குடும்பத்தோடு தங்கவைக்க லயம் வேண்டும். ஊருக்குப் போய்வருதல் முற்றாக நின்றுவிடவில்லை என்பது உண்மையே. ஆனால் ஆண்டுதோறும் மீள்வது என்ற வாழ்க்கைமுறை அத்தோடு முறிந்தது. துண்டும் கடனும் கங்காணியும் முறித்தது பாதி. 1939இல் இந்திய அரசு தோட்ட வேலைக்கான குடிபெயர்வைத் தடைசெய்ததோடு மீதியும் முறிந்தது. அதாவது, எங்கள் முன்னோரின் வாழ்விலே திரும்புதல் என்ற ஒன்றைத் தேயிலை இல்லாமற் செய்தது. இது எங்கள் முதலாவது பாடம்.

இரண்டாவது பாடம் அரசாங்கக் கடதாசியில் வந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவராக்கியது யாவரும் அறிந்தது. 1964 ஒக்ரோபர் 30ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேர் கணக்கிலெடுக்கப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்வதென முடிவாயிற்று. 1974இல் அந்த எஞ்சியோரும் பாதிக்குப்பாதி பங்கிடப்பட்டனர். சந்தையிலே பூசணிக்காயைப் பங்கிடுபவன்கூட எந்தக் கொடியில் காய்த்ததென்று ஒரு வார்த்தை கேட்பான்.

இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோருக்குத் தமிழ்நாட்டு அரசு சூட்டிய பெயர் 'தாயகம் திரும்பியோர்'. என் பாட்டியின் தம்பி ஒருவர் அவ்வாறு 'திரும்பியவர்'. அவர் மடுல்கலைப் பக்கத்து லயமொன்றிற் பிறந்தவர். அவருடைய தந்தையும் அவ்வாறே. இராமேசுவரத்தை அவர் முதன்முதலாகக் கண்டது ஐம்பத்திரண்டாம் வயதில், தலைமன்னாரிலிருந்து கப்பலிற் போய் இறங்கியபோது. காணாத ஊருக்கு ஒருவர் எங்ஙனம் திரும்ப முடியும்? மலைநாட்டு நிலையங்களிலிருந்து அவர்களை ஏற்றிச் சென்ற வண்டியை எங்கள் சனங்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். அரசுகளின் சொற்களஞ்சியத்தைவிட அச்சொல் எவ்வளவோ நேர்மையானது. மண்டபம் முகாமிலிருந்து சிலர் நீலகிரிக்குப் போயினர். அவர்களுக்கு வேலை கொடுக்கவென 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் இருந்தன. இங்கே அவர்களை இந்தியாக்காரர் என்றனர். அங்கே சிலோன்காரர் என்றனர். பாட்டியின் தம்பி அங்கும் கொழுந்துமலையில் வேலை செய்துதான் இறந்தார். அவர் எழுதிய கடிதங்களுள் இரண்டு எங்களிடம் உள்ளன. ஒன்றிலே குளிரைப் பற்றியும் அரிசி விலையைப் பற்றியும் எழுதிவிட்டு, லயத்துக்குப் பின்னாலிருந்த பலாமரம் இவ்வாண்டு காய்த்ததா என்று கேட்டிருக்கிறார். தம் துயரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அத்தகைய சொற்களை யாரும் அவருக்குக் கற்பித்திருக்கவில்லை. கேட்கும் மண்டபமும் அவருக்கு இருக்கவில்லை.

மூன்றாவது பாடத்தைச் சின்னம்மாவிடமே கேட்கலாம். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து இந்நாட்டுப் பெண்கள் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகின்றனர். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டப்படி அமைந்தது. இவர்களும் ஆசியாவின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் செல்லும் பயணிகளே என்பதை எவரும் நினைப்பதில்லை. புவியியற்படி றியாத்தும் ஆசியாவிலேதான் இருக்கிறது. ஆனால் சின்னம்மாவின் இரண்டாண்டை ஆசியப் பயணமென்று சொன்னால் எம் மாணவர் சிரிப்பார்கள். பயணம் என்ற சொல்லையே நாம் ஒரு வர்க்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். மீதிப்பேர் போவது 'பிழைப்புக்கு'. அவர்கள் பயணம் போவதில்லை.

இவ்விரு பயணங்களையும் சற்று அருகருகே வைத்துப் பாருங்கள். இளைஞர் தமது கடவுச்சீட்டைக் கழுத்திலே தொங்கும் சிறு பையில் வைத்திருந்தார். அதைக் காட்டினால் பல எல்லைகள் தாமே திறந்தன, சிலவற்றுக்கு இணையத்திற் பணம் கட்டினாற் போதும். சின்னம்மாவின் கடவுச்சீட்டை வீட்டெசமான் வந்த அன்றே வாங்கிப் பெட்டியிற் பூட்டினார். கபாலா முறையில் அவர் சம்மதமின்றி வேலை மாறவும் முடியாது, நாடு மீளவும் முடியாது. இளைஞர் புறப்படும்போது எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. 2013இல் எமது அரசு பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கிற்று. பிள்ளையின் வயதென்ன, பார்த்துக்கொள்வது யார், கணவன் சம்மதமா என்றெல்லாம் அலுவலர்கள் விசாரித்துக் கையொப்பமிட்டாலன்றி ஒரு தாய் விமானமேற இயலாதிருந்தது. பிள்ளைகள் மீது அரசுக்கு அவ்வளவு கரிசனை இருந்ததாயின் லயத்துக்கு ஒரு பிள்ளைக் காப்பகத்தை ஒழுங்காக நடத்தியிருக்கலாம். அது வேறு கதை.

அவர் திரும்பியதும் வேறு விதம். அவருக்குத் திரும்புதல் என்பது மகளின் முகத்தில் தன்னை அடையாளங் காணாத பார்வை. மூன்று வயதில் விட்டுச்சென்ற பிள்ளைக்கு இப்பொழுது ஐந்து வயது. பாட்டியை அம்மா என்கிறது. சூட்ஸ் கூறிய அறுந்த காலம் இதுவன்றோ? ஆனால் இதற்கு எவரும் பெயர் வைக்கவில்லை. 'பண்பாட்டு மீளதிர்ச்சி' லயத்துக்குள் நுழைவதில்லை. திரும்பிய எட்டாம் நாள் பெரட்டிலே பெயர் பதிந்துவிட்டுக் கொழுந்துக்குப் போனார். அதிர்ச்சிக்குச் சம்பளத்துடன் விடுமுறை தருகின்ற தோட்டத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

'மலிவு' என்ற சொல்லையும் இங்கே பேசியாக வேண்டும். 1972இல் இலண்டனிலிருந்து தரைவழியே ஆசியாவைக் கடந்து அவுஸ்திரேலியா சென்ற ரோனி வீலர், மோரின் வீலர் தம்பதியினர் 1973இல் ஒரு சிறுநூல் வெளியிட்டனர். மலிவாக ஆசியாவைக் கடப்பது என்பதே அதன் தலைப்பின் பொருள். 'லோன்லி பிளானட்' என்ற பெரும் பதிப்பகம் அதிலிருந்து பிறந்தது. இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், காத்மண்டு என்று சென்ற அந்தத் தரைவழி 1979இல் ஈரானியப் புரட்சியோடும் ஆப்கானிஸ்தானத்துள் சோவியத் படை புகுந்ததோடும் அடைபட்டது. வழி அடைபட்டாலும் அந்தச் சொல் அழியவில்லை. ஆசியா மலிவானது என்பது பயணியின் வாயில் இன்றும் ஒரு புகழுரை. எங்கள் இளைஞரும் சொன்னார்: இலண்டனில் ஒரு வார வாடகைக்கு இங்கே இரண்டு மாதம் வாழலாமாம். ஏன் வாழலாம்? சோறு ஆக்கியவளின் கூலி குறைவு. பையைச் சுமந்தவனின் கூலி குறைவு. கொழுந்தெடுத்தவளின் கூலி குறைவு. நெடும் போராட்டத்தின் பின் 2021இல்தான் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவென வர்த்தமானியில் வந்தது. அதற்கும் கிலோக் கணக்குக் காட்டி அரைப்பேர் போடும் தோட்டங்கள் இருந்தன. இலண்டன் கடையில் தேயிலை மலிவாயிருப்பதற்கும் பன்விலவில் படுக்கை மலிவாயிருப்பதற்கும் காரணம் ஒன்றே. மலிவைத் தேடி வருபவர் அதனை இயற்கைக் காட்சிகளுள் ஒன்றாக எண்ணிவிடுகிறார், மூடுபனியைப் போல.

'ஒன்றுமில்லை, ஆயினும் மகிழ்ச்சி' என்ற வாக்கியத்துக்கு இப்போது வருகிறேன். பயண இலக்கியத்தில் இதைவிடத் தேய்ந்த வாக்கியம் இல்லை. இதைவிடத் தீங்கானதும் இல்லை. 'ஒன்றுமில்லை' என்பது ஒரு நிலைமை. அதற்குக் காரணம் உண்டு, காரணருண்டு. அதனோடு 'ஆயினும் மகிழ்ச்சி' என்று சேர்த்தவுடன் காரணத்தைத் தேடவேண்டிய தேவை அற்றுப்போகிறது. சிரிப்பவளுக்குச் சம்பளப் பாக்கி இருக்குமென்று யார் நினைப்பார்? சிரிப்பவளின் கூரையிலே தகரம் ஓட்டையாயிருக்குமென்று யார் அண்ணாந்து பார்ப்பார்? அன்பினாற் சொல்லப்படும் இவ்வாக்கியம் துரைமார் காலத்திலும் சொல்லப்பட்டதே. பங்களாவின் முற்றத்திலிருந்து லயத்தைப் பார்த்தவர்களுக்கும் அங்கே தப்பு முழங்குவது கேட்கத்தான் செய்தது. அதை அவர்கள் மகிழ்ச்சியென்றே எழுதினர். விடியலில் பெரட்டுக்கு எழுப்பியதும் அதே தப்புத்தான்.

இன்னுமொன்று. அந்த இளைஞர் சிறையென வருணித்த இலண்டன் வாழ்வு யார் கட்டியது? 1983 யூலையின் பின் உடுத்த துணியோடு போன ஒரு தந்தையும் தாயும் கட்டியது. அவரே உரையின் நடுவில் அதைச் சொல்லிக் கடந்தார். தந்தை இரவு நேரத்தில் எரிபொருள் நிலையத்தில் நின்றார். தாய் மருத்துவமனையில் தரை துடைத்தார். அவர்களுக்கும் திரும்புதல் என்ற ஆசை இருந்திருக்கும். பல்லாண்டுகள் அது மூடிய கதவு. திரும்ப முடியாதவர்கள் தங்கிவிட்ட இடத்தில், பிள்ளைக்கென வாங்கிய மேசையும் வேலையும் புகையிரதச் சீட்டும் இப்பொழுது பிள்ளைக்குத் திரும்ப மனமில்லாத இடமாகிவிட்டன. பிள்ளையை நான் குறைகூறமாட்டேன். அலுவலக வேலை சலிப்பானதுதான். ஆனால் சலிப்பை நாடுகடத்தலின் மொழியிற் பேசக்கூடாது. 'அந்நியமாதல்', 'வேரறுதல்', 'புலம்பெயர் மனம்' என்றெல்லாம் அவர் எடுத்தாண்ட சொற்கள் அவருடைய பெற்றோருக்குரியவை. பெற்றோர் அவற்றைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தார்கள். பிள்ளை பதினொரு மாத விடுமுறைக்குச் செலவழித்துவிட்டார்.

இவ்வளவும் சொன்னால், எவரும் எங்கும் போகக்கூடாதா என்று கேட்பார்கள். நண்பரொருவர் இக்கட்டுரையின் முதற்படியை வாசித்துவிட்டு, ஏழைக்குக் கிடைக்காத ஒன்றை எவரும் அனுபவிக்கலாகாது என்பது பொறாமையின் அறவியல் என்றார். நல்ல ஆட்சேபம். பொறாமை என்னிடம் இல்லையென்று சத்தியம் செய்யமாட்டேன். புலமைப்பரிசிலில் இரண்டாண்டுகள் வெளிநாட்டிலிருந்து திரும்பிய நானே ஆறுமாதம் பனியைப் பற்றியும் நூலகங்களைப் பற்றியும் பெருமூச்செறிந்து திரிந்தவன். அப்போது லயத்துக்குப் போனால் சின்னம்மா கேட்கும் கேள்விகள் எனக்கு எரிச்சலூட்டின. அங்கே பஸ்ஸுக்கு எவ்வளவு, ஒரு நாள் சம்பளம் எவ்வளவு, எங்களைப்போல படிக்காதவர்களுக்கு வேலை உண்டா, யாரிடம் எழுதிக் கேட்க வேண்டும். நான் பனியின் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கேள்விகளின் பெருமையை நான் பின்னரே, பத்துப்பாட்டைப் பாடம் நடத்தும்போது உணர்ந்தேன். பயணம் முடிந்து திரும்புபவனுக்கென்றே ஓர் இலக்கிய வகையைத் தமிழ் வைத்திருக்கிறது. பத்துப்பாட்டிலே பாதி அதுதான்: ஆற்றுப்படை. முருகனிடம் வழிப்படுத்துவதை ஒருபுறம் வைத்தால், மற்றைய நான்கிலும் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் வழியிலே தன்னைப்போன்ற இன்னொரு வறியவனைச் சந்திக்கிறான். சந்தித்து என்ன சொல்கிறான்? எந்த வழியாகப் போ, எந்த ஊரில் எவர் சோறிடுவர், யாரைக் காண், எப்படிக் கேள். 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம் முழுக்க மலைவழி. எங்கே குழியுண்டு, எங்கே பாம்புண்டு, தினைப்புனங் காப்போர் வீசும் கவண்கல் எங்கே வந்து விழும், அதற்கு எந்த மரத்தின் பின்னே ஒதுங்குவது என்றெல்லாம் கூத்தர் கூட்டத்துக்குச் சொல்லப்படுகிறது. புரவலரைப் புகழ்வதே அப்பாடல்களின் நோக்கமென்பதையும், அது நிலவுடைமைச் சமூகத்தின் தோற்றுவாயில் எழுந்த இலக்கியமென்பதையும் நான் மறக்கவில்லை. எனினும் திரும்புபவன் கடன்பட்டவன் என்னும் எண்ணம் அதன் அடியிலே கிடக்கிறது. தான் பெற்றதை, அல்லது பெறும் வழியையாவது, எதிரே வருபவனுக்குச் சொல்லியாக வேண்டும். திரும்புகிறவன் தன் மனத்தின் சோர்வைப் பாடுவதற்கு அங்கே இடமில்லை. பசித்தவன் எதிரே நிற்கிறான்.

பயணத்தை நான் எதிர்க்கவில்லை என்பதற்கு இன்னொரு சான்று தருகிறேன். மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறாண்டு நிறைவையொட்டி, 2023 யூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டு ஓகஸ்டில் மாத்தளையை அடைந்தது. கங்காணியின் பின்னே முன்னோர் நடந்த அதே வழி. நடந்தவர்களின் முதுகிலும் பைகள் இருந்தன. பாதங்களிலும் கொப்புளங்கள் இருந்தன. சிங்கள, முசுலிம் ஊர்களில் மக்கள் நின்று தண்ணீர் கொடுத்தனர். காணி, வீடு, சம்பளம், சமத்துவமான பிரசையாக வாழும் உரிமை என்று கேட்டுக்கொண்டு நடந்தார்கள். எங்கள் மாணவர் சிலரும் சில நாள்கள் கூட நடந்தனர். அவர்கள் திரும்பியபின் சங்கத்தில் உரையாற்ற யாரும் அழைக்கவில்லை. எங்கள் சங்கத்தின் செயற்குழுவில் அப்போது நானும் இருந்தேன். ஆதலால் இதனை யார்மீதும் பழியாகச் சுமத்தாமல் எழுத முடிகிறது.

நான் கேட்பது சிறிது. அடுத்தமுறை ஒருவர் முதுகுப்பையோடு வந்து திரும்புதலின் துயரைப் பேச முன்வரும்போது, பேசட்டும். ஆனால் அவரிடம் கேள்வி கேளுங்கள். உங்கள் நாட்டில் பணிப்பெண்ணின் கடவுச்சீட்டை யார் வைத்திருப்பார்? தோட்டத்தில் தங்கிய அறைக்கு நீங்கள் கொடுத்த பணத்தில் லயத்துக்கு எவ்வளவு போயிற்று? உங்கள் நாட்டுக் கடையில் இந்தத் தேயிலைப் பெட்டியின் விலை என்ன? திரும்பியபின் யாருக்கு எதைச் சொல்லப்போகிறீர்கள்? அவர் பதில் தெரியாமல் நின்றால் அது குற்றமாகாது. தெரிந்துகொண்டு எழுதியனுப்புமாறு கேட்கலாம்; இவ்விதழில் அதற்குப் பக்கம் ஒதுக்கலாம். அத்தகைய கட்டுரை வந்தால் முதலில் வாசிப்பவனாக நான் இருப்பேன்.

சித்திரை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் படம் எடுக்கப்பட்ட கதையைச் சின்னம்மா முழுதாகச் சொன்னார். இளைஞர் கழுத்துப் பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்து முத்திரைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாராம். "பதினொரு மாசமா இத நீங்களே வச்சிருந்தீங்களா தம்பி? யாரும் வாங்கி வச்சிக்கிறலயா?" என்று இவர் கேட்டிருக்கிறார். அவர் அதை வேடிக்கையென நினைத்து உரக்கச் சிரித்தாராம். விருந்தாளி சிரிக்க இவரும் சிரித்தாராம். அப்போதுதான் படம் எடுத்தது.

சின்னம்மா இப்பொழுது மறுபடியும் விண்ணப்பம் போட்டிருக்கிறார். இம்முறை குவைத். கண்டியிலுள்ள முகவர் மருத்துவச் சோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார். சம்பளப் பாக்கிக்காக எழுதிய முறைப்பாட்டின் பிரதியை என்னிடம் தந்து, ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதித் தருமாறு கேட்டார். இக்கட்டுரையை முடிக்குமுன் அதனை எழுதி முடித்தேன்.